தம்பியின் சர்க்கரையைத் தேடி

நான் பேக்கரிகளுக்கு அடுப்பு விற்கிறவன். அடுப்பை இறக்கி, கரண்ட் கொடுத்து, சூடேற்றி, முதல் தட்டு பன் வெளியே வந்ததும் கடைக்காரர் அதைத் தொடமாட்டார். விற்றவன்தான் முதலில் சாப்பிட வேண்டும். வெந்திருக்கிறதா, அடி பிடித்திருக்கிறதா என்பதை என் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இருபத்தாறு வருடமாக இந்த முகத்தை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. தேங்காய் பன், வெண்ணெய் பிஸ்கட், பிளம் கேக் என்று தமிழ்நாட்டில் நான் ருசி பார்க்காத முதல் தட்டு குறைவு. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு எனக்குச் சர்க்கரை வந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை, என்னைத் தவிர.

ஆனால் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை. அப்பாவின் அப்பாவுக்கும் இருந்திருக்கும், அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள். "அப்பா ரத்தம், என்ன பண்றது" என்று சொல்லிக்கொண்டே அடுத்த தட்டை இழுத்துக்கொள்வேன். என் மனைவி சரஸ்வதி டப்பாக்களை ஒளித்துவைத்துச் சலித்துப்போனாள். இந்த வருடம் கண்ணில் ஆரம்பித்துவிட்டது. ரசீதில் எழுத்துகள் ஓரமாகக் கலங்கின. கண் மருத்துவர் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் போகச் சொன்னார்.

டாக்டரம்மா இன்சுலின் என்றார். நான் அப்பா ரத்தம் என்றேன்.

"கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

"ஒரு தம்பி. என்னைவிடப் பதினைஞ்சு நிமிஷம் சின்னவன்."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "ரெண்டு பேரும் ஒரே ஜாடையா?"

"எங்கம்மாவே ஆள் மாத்தி அடிப்பாங்க."

"அவருக்குச் சர்க்கரை இருக்கா?"

தெரியாது என்றேன். அதுதான் உண்மை. என் தம்பி சின்னசாமி கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்து நான்கு வருடமாக வாத்தியார். நான் அங்கே போனதே இல்லை. டெஸ்ட் எடுத்தாயா என்று போனில் கேட்கும்போதெல்லாம், ஊசி என்றால் பயம் என்று சொல்லிப் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவான்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். அவர் சொன்னதை என் தொழில் பாஷையில் சொல்கிறேன். எங்கள் இரண்டு பேரிடமும் இருப்பது ஒரே செய்முறை நோட்டு. வரிக்கு வரி அதே எழுத்து. ஆனால் நோட்டில் இருப்பதையெல்லாம் எந்தப் பேக்கரியும் தினமும் சுடுவதில்லை. எந்தப் பக்கத்தைத் திறப்பது, எதை மூடிவைப்பது என்பதைச் சரக்கு அறையில் வந்து இறங்குவதும் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. சாப்பாடு, நடை, தூக்கம் எல்லாம் அந்தச் சரக்கு. முப்பது வருடம் வேறு வேறு சரக்கு இறங்கினால், ஒரே நோட்டை வைத்திருக்கும் இரண்டு பேக்கரிகள் இரண்டு விதமாக மணக்கும். எழுத்து மாறுவதில்லை, எது வேலை செய்கிறது என்பது மாறுகிறது.

"உங்க தம்பிக்கும் இருந்தா, அப்பா ரத்தம்னு நீங்க சொல்றதுல விஷயம் இருக்குன்னு ஒத்துக்கறேன். இல்லைன்னா உங்க உடம்புலயும் மாத்திக்க நிறைய இடம் இருக்குன்னு அர்த்தம். நாலு நாள்ல ஒண்ணும் ஆகிடாது. போய் அவர் ரிப்போர்ட்டைக் கொண்டு வாங்க" என்றார்.

மாற்றிக்கொள்ள இடம் இருக்கிறது என்பது என் காதில் சரியாக விழவில்லை. அவனுக்கும் இருந்தால் நான் ஜெயித்தேன் என்பது மட்டும் நன்றாக விழுந்தது. அந்த வாரமே சர்க்கரை பார்க்கும் மெஷினைப் பையில் போட்டுக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பிவிட்டேன்.

*

மலை ஏறும் முன் பஸ் காரவள்ளியில் பத்து நிமிடம் நின்றது. ஆனி மாதம். கீழே வெயில் கொளுத்த, மேலே மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. ரோட்டோரம் ஒரு பாய் டீக்கடை. நான் போய் நின்றதும் பாய் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பார்வை வயிற்றில் வந்து நின்றது.

"வாங்க வாத்தியாரே. என்னுங்க இது, போன வாரம் நல்லாத்தான இருந்தீங்க, இப்படி ஊதிட்டீங்க?"

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் டீ வந்துவிட்டது. "உங்களுக்கு எப்பவும் போல சக்கரை இல்லாமத்தானுங்க."

எப்பவும் போல சர்க்கரை இல்லாமல். அடப்பாவி, அப்படியானால் அவனுக்கு இருக்கிறது. இருந்துகொண்டுதான் இத்தனை வருடம் மழையைப் பற்றிப் பேசியிருக்கிறான். என் வாழ்க்கையில் சர்க்கரை இல்லாத டீ அவ்வளவு இனிப்பாக இருந்ததில்லை. கூடப் பிறந்தவனுக்கு வியாதி என்று சந்தோஷப்படுகிறோமே என்று ஒரு குத்தல் இருந்தது. ஆனாலும் சந்தோஷப்பட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதாமல் விட்டால் இந்தப் பயணத்தில் எழுத வேறு ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் மடியில் ஒரு சாக்கு மூட்டையுடன் உட்கார்ந்திருந்தார். அவரும் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஏனுங்க வாத்தியாரே, சம்சாரம் ஊருக்குப் போயிட்டாங்களா? ஓட்டல் சோறாட்டங்குது" என்றார். நான் வாத்தியாரின் அண்ணன் என்றேன். அவர் நம்பவில்லை. வாத்தியார் விளையாடுகிறார் என்று பின் சீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். அதன் பிறகு வழியெல்லாம் நான் வாத்தியாராகவே போனேன். ஒருவருடைய பேத்தியை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று ஆலோசனைகூடச் சொன்னேன்.

எழுபது வளைவு. சென்னையில் எங்கள் தெருமுனையில் ஒரே ஒரு வளைவு, அதில் திரும்புவதற்கே வண்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். இங்கே டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங்கைச் சுழற்றி, மறுகையால் எதிரே வருகிறவருக்கு வணக்கம் வைத்துக்கொண்டு போனார். முப்பதாவது வளைவோ என்னவோ, நான் எண்ணுவதை விட்டுவிட்டேன், பஸ் நின்றது. மேலே இருந்து பலாப்பழம் ஏற்றிவந்த லாரி வளைவில் டயர் வெடித்துக் குறுக்கே நின்றிருந்தது. பாரத்தைக் குறைக்காமல் ஜாக்கி தூக்காது என்றார்கள். பஸ்ஸில் இருந்த ஆண்கள் எல்லோரும் இறங்கிப் பழத்தை இறக்கி ரோட்டோரம் அடுக்கினோம். எனக்கு மூன்றாவது பழத்திலேயே மூச்சு வாங்கியது.

"வாத்தியாரு ஒக்காரட்டும், ஒடம்புக்கு முடியலயாட்டங்குது" என்று யாரோ சொன்னார்கள்.

லாரிக்காரர் நல்ல மனிதர். உதவிக்குக் கைமாறாக ஒரு பழத்தை அங்கேயே பிளந்து வைத்தார். கொல்லிமலைப் பலா. சுளை சின்னது, வாயில் வைத்ததும் தேன் வடிகிறது. நான் ஒன்று எடுத்தேன். அப்பா ரத்தம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு இன்னொன்று எடுத்தேன். பதினொன்று வரை எண்ணினேன், அதற்கு மேல் எண்ணவில்லை. தம்பிக்கும் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்துவிட்ட பிறகு எனக்கு என்ன பயம்.

*

வீடு போய்ச் சேர ஆறரை ஆகிவிட்டது. தம்பி வாசலில் நின்றிருந்தான். கண்ணாடியில் இருபது வருடத்துக்கு முன்பு பார்த்த என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அதே மூக்கு, அதே வழுக்கை. பெல்ட் மட்டும் கடைசி ஓட்டைக்கும் உள்ளே தள்ளி ஆணியால் போட்ட புது ஓட்டையில் இருந்தது. என் பெல்ட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

"வாடா பெரியசாமி" என்று பையை வாங்கிக்கொண்டான். அவன் மனைவி பூங்கொடி, "வாங்க மாமா, கையக் கழுவுங்க, சோறு ஆறுது" என்றாள். இந்த வீட்டில் ஏழு மணிக்குமேல் அடுப்பில் பூனை படுத்துக்கொள்ளுமாம். சென்னையில் நாங்கள் ஏழு மணிக்கு மாலை டிபன் சாப்பிடுவோம், பத்து மணிக்குச் சாப்பாடு.

கொல்லிமலை என்றால் சாமை, தினை, கேழ்வரகு என்று படித்திருந்ததால், தட்டில் வெள்ளைச் சோற்றைப் பார்த்ததும் ஏமாற்றமாகிவிட்டது. "சாமை இல்லையா?" என்று கேட்டேன்.

பூங்கொடிக்குச் சிரிப்பு. "சாமையெல்லாம் உங்கூரு ஆளுங்கதான் கார்ல வந்து அள்ளிட்டுப் போறாங்களே மாமா. எங்களுக்கு ரேசன் அரிசி. காலையில களி, எப்பவாச்சும் சாமைச் சோறு. திருப்புலி நாட்டுல எங்க அக்கா ஊட்ல வேணா சாமை கெடைக்கும், அதும் நோம்பி நாளைக்கு."

ஆனால் தம்பியின் தட்டைக் கவனித்தேன். சோறு ஒரு கரண்டி, ஒரு ஓரமாக. மீதி இடமெல்லாம் அவரைக்காயும் கீரையும் பருப்பும். அவன் அதை ஒரு விரதம் மாதிரி சாப்பிடவில்லை. அவனுக்குச் சோறு என்பது காய்க்குத் தொட்டுக்கொள்ளும் சமாச்சாரம். எனக்குத் தலைகீழ். சர்க்கரை இருக்கிறவன் பத்தியம் காக்கிறான், ஒளிக்கிறான் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்.

"சின்னு, டாக்டர் உன்னோட சுகர் ரிப்போர்ட் கேட்டாங்க" என்று மெதுவாக ஆரம்பித்தேன். மெஷின் கொண்டுவந்திருப்பதையும் சொன்னேன்.

"இந்த வருசம் மழை முன்னாடியே புடிச்சிருச்சு" என்றான்.

*

இரண்டாம் நாள் காலை கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல். களியை மெல்லக் கூடாது, உருட்டிக் கடைசலில் தோய்த்து விழுங்க வேண்டும் என்று பூங்கொடி சொல்லிக்கொடுத்தாள். நான் மென்றேன். பல்லில் ஒட்டிக்கொண்டு பேச்சு நின்றுவிட்டது. அரை உருண்டையில் வயிறு நிறைந்தது எனக்கே புதிராக இருந்தது. பன் என்றால் ஆறு போகும்.

தம்பியுடன் பள்ளிக்கூடம் வரை நடந்தேன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி சுற்றியிருந்த சரிவில் ஒற்றையடிப் பாதை. தினமும் போக ஒரு முறை, வர ஒரு முறை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துபோக இன்னொரு முறை. அவன் செடிகளைக் காட்டிப் பேசிக்கொண்டே ஏறினான். நான் செடிகளைப் பார்க்கிற சாக்கில் நின்று நின்று ஏறினேன். இருபது வயதில் மதுரையில் ஒரே அறையில் இருந்து படித்தோம். பரோட்டாக் கடையில் அவனைவிட நான் ஒன்று அதிகமாகச் சாப்பிட்டதில்லை, குறைவாகவும் சாப்பிட்டதில்லை. ஒரே மாதிரி ஆரம்பித்தவர்கள்தான்.

திரும்பி வந்ததும் பூங்கொடி பாதிப் பலாப்பழத்தைத் துணியில் கட்டிக் கையில் கொடுத்தாள். "மாமா, சும்மாத்தான இருக்கீங்க. அக்கட்ட சுகாதார நெலையத்துல நர்ஸம்மா இருப்பாங்க, அவங்ககிட்டக் குடுத்துட்டு வந்துருங்க."

போனேன். நர்ஸம்மா என்னைப் பார்த்ததும் பழத்தை வாங்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, குழாயைக் காட்டினார்.

"கை கழுவிட்டு வாங்க வாத்தியாரே. மூணு மாசம் ஆயிப்போச்சு, இந்தத் தடவ ஆளக் காணமேன்னு நானே நெனச்சுட்டு இருந்தேன்."

எனக்குப் புரிந்தது. இவரும் என்னை அவனாகத்தான் நினைக்கிறார். அண்ணன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தம்பியின் ரகசியம் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து, விரலை நீட்டினேன். குத்தினார்.

மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் மெஷினைப் பார்த்தார். "எரநூத்தி எழுபத்தாறு" என்றார். பெரிய நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "தொண்ணூத்தி ரெண்டு. எம்பத்தெட்டு. தொண்ணூத்தஞ்சு. இத்தன வருசத்துல உங்களுக்கு நூறத் தாண்டுனதே இல்லீங்களே. என்னுங்க சாப்பிட்டீங்க?"

நான் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். "நான் அவன் இல்லீங்க. அவனோட அண்ணன்."

பாவம் நர்ஸம்மா, முகம் வெளிறிவிட்டது. நோட்டை மூடி அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். "அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்னு ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுப் போவாருங்க. நானே போட்டு ஒடச்சுட்டனே."

"தப்பு என் மேலதாங்க. ஏன் சொல்ல வேண்டாம்னான்?"

"அத அவருகிட்டத்தான் கேக்கோணும்."

"அப்ப டீயில ஏன் சக்கரை போட மாட்டேங்கறான்?"

"பாய் கடையிலயா? அங்க பாலே இனிக்கும், அவரு மலைக்கு வந்ததுலேர்ந்தே அங்க அப்படித்தானுங்களாம்." பிறகு தன் பங்குக்கு எனக்கு ஒரு பாடம் எடுத்தார். களி தின்றால் சர்க்கரை வராது என்று நினைக்காதீர்கள், இந்த மலையிலும் மாத்திரை வாங்கிப் போகிறவர்கள் உண்டு, மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கும் ரேஷன் அரிசியும், நடந்த இடத்துக்கெல்லாம் இப்போது பைக் என்றார். "வாத்தியாரு ஒருத்தரு, அளவா திம்பாரு, நடப்பாரு. உங்களுக்கும் அதே ரத்தந்தான, முடியாதுங்களா?"

அதே ரத்தம். பன்னிரண்டு வருடமாக நான் சொன்ன அதே இரண்டு வார்த்தை. அவர் வாயிலிருந்து வரும்போது எனக்கு எதிராக வந்தது.

திரும்பும் வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். நியாயமாகப் பார்த்தால் நான் ஆடிப் பாடியிருக்க வேண்டும். தம்பி நன்றாக இருக்கிறான். அதே செய்முறை நோட்டை வைத்துக்கொண்டு ஒருவன் நன்றாக இருக்கலாம் என்று நிரூபித்தும் இருக்கிறான். மாற்றிக்கொள்ள இடம் என்று டாக்டரம்மா சொன்னது என் உடம்பிலும் இருக்கிறது. ஆனால் எனக்குக் கோபம்தான் வந்தது. முதலில் மறைத்ததற்காக அவன்மேல். அது கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. அப்புறம் இறந்துபோன அப்பாமேல் இத்தனை நாள் பழியைப் போட்ட என்மேல். அது போகவில்லை. ஒவ்வொரு தட்டையும் நான்தான் இழுத்துக்கொண்டேன். அப்பா ஒரு தடவைகூட வந்து ஊட்டிவிடவில்லை.

மாலையில் சாப்பாடு இறங்கவில்லை. பூங்கொடி சாமைச் சோறு செய்திருந்தாள், எனக்காக யார் வீட்டிலோ கேட்டு வாங்கி. இரண்டு வாய் சாப்பிட்டுக் கையைக் கழுவினேன். "மாமாவுக்கு எங்க சமையல் புடிக்கலயாட்டங்குது" என்றாள். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து என் முகத்தைப் படிக்கிறவன். நர்ஸம்மாவைப் பார்த்ததைப் பற்றி மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்தம்மாவைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

*

மூன்றாம் நாள் விடிந்ததும் குளிர். கம்பளியை விட்டு வெளியே வந்தபோது தம்பி ஏற்கெனவே எழுந்து, சமையலறையிலிருந்து சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

"எங்கடா உன்ற மெஷினு? எடுத்தா, பாத்தர்லாம். வெறும் வயித்துலதான இருக்கேன்."

எனக்குத் திகைப்பு. "ஊசின்னா பயம்னே?"

"நீ இவ்வளவு தூரம் வந்திருக்கே. குத்து."

விரலை நீட்டினான். குத்தினேன். ரத்தம் பொட்டாக வந்தது. ஸ்டிரிப்பில் வைத்தேன். மெஷின் ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணி ஒரு நம்பரைக் காட்டியது. நானூற்று முப்பத்தெட்டு.

அவன் எட்டிப் பார்த்தான். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "நானூறா?" என்றான். குரல் உள்ளே போய்விட்டது. பிறகு சமாளித்துக்கொண்டு, மனப்பாடம் செய்த பாட்டைப்போல, "பாத்தியா, எனக்கும் இருக்குது. அப்பா ரத்தம், நாம என்ன பண்றது" என்றான்.

அதே நேரம் உள்ளிருந்து பூங்கொடியின் குரல் வந்தது. "தேன் பாட்டலத் தொறந்து போட்டு வெச்சது யாருங்க? எறும்பு மொய்க்குது."

நான் அவன் விரலை மூக்கருகே கொண்டுபோனேன். மலைத்தேன் வாசனை. சர்க்கரை விரலில் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் மெஷின் ரத்தத்தையும் அதையும் சேர்த்துத்தான் படிக்கும். பேக்கரியில் கிரீம் கையோடு குத்திக்கொண்டு நானே எத்தனையோ முறை அலறியிருக்கிறேன். இவன் ஒரு நூற்றைம்பது, நூற்றெண்பது வந்தால் போதும் என்று விரலைத் தேனில் தொட்டிருக்கிறான். அளவு தெரியவில்லை. ஆசாமி தன் பொய்யைப் பார்த்துத் தானே பயந்துபோய் நின்றிருந்தான்.

"கையக் கழுவிட்டு வா" என்றேன்.

அவன் நகரவில்லை. "அதே இருக்கட்டும் விடு."

"சின்னு."

"இருக்கட்டும்டா. அந்த நம்பரையே எழுதிட்டுப் போ."

நானே அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தொட்டித் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினேன். பனிக்கட்டி மாதிரித் தண்ணீர். ஐம்பத்திரண்டு வயது வாத்தியார், மகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்ட மனிதர், முழங்கை வரை நனைந்து குழந்தை மாதிரி நின்றான். துடைத்துவிட்டு வேறு விரலில் குத்தினேன். தொண்ணூற்று மூன்று.

இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நர்ஸு எப்பவும் கை கழுவிட்டு வாம்பாங்க. அதுல புடிச்ச யோசனைதான்" என்றான். சொன்ன பிறகுதான் நர்ஸ் என்று சொல்லிவிட்டது உறைத்து உதட்டைக் கடித்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியும். நேத்து அவங்க என்னை நீன்னு நெனச்சு நோட்டையே படிச்சுக் காட்டிட்டாங்க. அவங்களை ஒண்ணும் சொல்லாதே."

அவன் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். மேகம் வாசல்வரை வந்து நின்றிருந்தது. எங்கோ பஸ் ஹாரன் கேட்டது.

"ஏண்டா மறைச்சே? பன்னெண்டு வருசம்."

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "உனக்கு வந்த வருசம் பயந்துட்டுத்தான் நானும் போய்ப் பாத்தேன். இல்லேன்னு வந்துருச்சு. போன் பண்ணிச் சொல்லலாம்னு எடுத்தேன். நீ அந்தப் பக்கம் சிரிச்சுட்டே, அப்பா ரத்தம்டா, உனக்கும் வரும், தயாரா இருங்கறே. எனக்கு இல்லேன்னு எப்படிச் சொல்றது? சொன்னா எல்லாம் உன்ற தப்புன்னு ஆயிரும். நீ அத ஒண்ண வெச்சுட்டுத்தான சிரிச்சுட்டு இருந்தே."

மூன்று மாதத்துக்கு ஒரு முறை, யாருக்கும் தெரியாமல் போய் விரலைக் கொடுத்து, நல்ல சேதியை வாங்கிக்கொண்டு, அதை ஒரு குற்றம்போல ஒளித்துவைத்திருக்கிறான். நல்லபடியாக இருப்பதற்கு இப்படிப் பயந்த மனிதனை நான் பார்த்ததில்லை. அந்த நோட்டில் இருந்த தொண்ணூறுகளில் எது ஒன்றை அன்றைக்கே சொல்லியிருந்தாலும் என் கண் கலங்காமல் இருந்திருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா என்று அடுத்த கணம் தோன்றியது. கேட்டிருக்க மாட்டேன். அவன் மெஷின் கோளாறு என்றிருப்பேன்.

என் விரலையும் குத்திக்கொண்டேன். இருநூற்று நான்கு. இரண்டு நம்பரையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன், டாக்டரம்மாவிடம் காட்ட. இன்சுலின் என்றால் இன்சுலின், கூடவே மற்றதையும் ஆரம்பிக்கலாம். முதல் தட்டைக் கடைக்காரரே சாப்பிட்டுப் பார்க்கட்டும், இனி நான் பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். பூங்கொடி உள்ளிருந்து களி ஆறுகிறது என்றாள். எழுந்திருக்கும்முன் அவனிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொல்லாமல் மலை இறங்கினால் அது என்னோடு கூடவே வந்துவிடும்.

"சின்னு, உனக்கும் இருக்கணும்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டுத்தாண்டா வந்தேன். டீக்கடையில இருக்குன்னு நெனச்சப்ப சந்தோஷப்பட்டேன்."

"தெரியும்" என்றான். "பின்ன எதுக்கு நான் தேனத் தொட்டேன்னு நெனச்சே?"